முதல் வேட்டு

"எல்லார் துப்பாக்கியையும் மாத்தியாச்சு. தலைவரோடதை மட்டும் ஏன் தொடக் கூடாது?" என்று கத்தினான் யோஸ்ட்.

கருமான் பாரெண்டின் பட்டறை வாசலில் கூட்டம். வரும் திங்கட்கிழமை விதவை லவைனாவின் மாடுகளை ஏலம் விட ஷெரீப்பின் ஆள் வருகிறான். ஹட்சன் ஆற்றங்கரை மாளிகையில் இருக்கிற நிலப்பிரபுவுக்கு அவள் குத்தகைக் கோதுமை அளக்கவில்லை. அதுதான் குற்றம்.

அதற்காக மலையிலிருந்த நாற்பது துப்பாக்கிகளின் சக்கிமுக்கிக் கல்லையும் மருந்துக் கிண்ணியையும் பாரெண்ட் கழற்றி எறிந்துவிட்டான். பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் காம்பை முறுக்கிப் பொருத்தி, நெருப்பு உள்ளே போக அதன் வழியே துளையூசியால் மெல்லிய துளை குடைந்து தந்தான். காம்பின்மேல் கேப்பு என்கிற சின்ன வெடித் தொப்பியை மாட்டித் தட்டினால் போதும், கொட்டுகிற மழையிலும் வெடிக்கும்.

தலைவர் சேடாக்கின் துப்பாக்கிதான் மிச்சம்.

"அது சரித்திரம்டா," என்றார் சேடாக். "ஏழு வருஷமா அதே மருந்து, அதே குண்டு உள்ளே இருக்கு."

"சரித்திரம் அன்னைக்கு வெடிக்கலையே, தலைவரே!"

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்து, வழக்கம்போல எல்லோரும் பாரெண்டை முறைத்தார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் யோஸ்டின் தொழுவத்தில் ஏலம். ஆள் தெரியாமலிருக்க முகத்தில் ஆட்டுத்தோல் முகமூடி, உடம்பில் பெண்டாட்டியின் சீட்டிக் கவுன், இந்தக் கோலத்தில் வீரர்கள் நின்றார்கள். தலைவர் சுட்ட பிறகுதான் மற்றவர்கள் சுட வேண்டும் என்பது சத்தியம். சேடாக் குறிபார்த்து மூன்று முறை விசையை இழுத்தார். மூன்று முறையும் கிண்ணியில் மருந்து புஸ்ஸென்று எரிந்ததோடு சரி. உள்ளே வெடிக்கவில்லை. யாரும் சுடவில்லை. மாடுகள் போயின.

"எவனோ ஈர மருந்தைக் குடுத்திருக்கான்!" என்று சேடாக் முழங்கினார். மலையில் மருந்து விற்பவன் பாரெண்ட் ஒருவன்தான்.

இயக்கம் என்று ஒன்று இருந்தால் மாலைக்கு ஒரு கழுத்தும் பழிக்கு ஒரு கழுத்தும் வேண்டியிருக்கிறது. அன்றே இரண்டும் கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகு தேவாலயத்தில் பாரெண்ட் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா செய்வியா? இல்ல, என் ரெண்டு மாடு போன மாதிரி அந்தம்மா மாடும் போகணுமா?" என்றான் யோஸ்ட்.

பாரெண்ட் தலைவரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். சரித்திரத்துக்குக் காவலாக சேடாக்கும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

குண்டை இழுத்து எடுத்தான். மருந்தைத் தாளில் கொட்டினான். கசகசாபோல உதிர்ந்தது. ஒரு சிட்டிகையை உலையில் போட்டான். குப்பென்று பிடித்தது.

"நல்ல மருந்தால்ல இருக்கு, தலைவரே?"

"ஏழு வருஷத்துல காஞ்சிருக்கும்."

"நனைஞ்ச மருந்து கட்டி தட்டும். உதிராது."

கிண்ணியிலிருந்து நெருப்பு உள்ளே போகும் துளையில் ஒரு கம்பியை விட்டான். நுழையவில்லை. பின்பக்கத்தைத் திறந்து உள்ளிருந்து குத்தினான். கோதுமை மணி அளவுக்கு ஒரு மரத்துண்டு வந்து விழுந்தது. மெழுகு தடவி அடித்து, வெளிமுனையைக் கத்தியால் சீவி, தெரியாமல் கரி பூசியிருந்தது.

"நீங்கதானா?"

"மெதுவாப் பேசுப்பா," என்றார் சேடாக்.

"ஏழு வருஷம்! என் பக்கத்துல ஒரு நாயும் உக்காரல."

"நான் முன்னால நிக்கலேன்னா யோஸ்ட் நின்னிருப்பான். அவன் நெசமாவே சுட்டிருப்பான். ஷெரீப்போட ஆள் செத்திருப்பான். நம்ம ஆளுங்க பத்துப் பேரு தூக்குல தொங்கியிருப்பாங்க."

"அதை வெளியில போய்ச் சொல்றதுதானே?"

"சொன்னா நாளைக்கு யோஸ்ட்தான் தலைவன்."

பாரெண்ட் மரத்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "சரி, பழியை எதுக்கு என்மேல போட்டீங்க?"

"நீதான் தாங்குவேன்னு தெரியும்."

"ரொம்பப் பெரிய மரியாதை."

சேடாக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "கேப்பு மாட்டினா கட்டாயம் வெடிக்குமா?"

"கட்டாயம்."

"மழை பேஞ்சா?"

"பேஞ்சாலும்."

பாரெண்ட் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காம்பை முறுக்கும் வேலையில் இறங்கினான்.

வேலை முடிந்து கதவைத் திறந்தபோது மரத்துண்டு அவன் உள்ளங்கையில் இருந்தது. கையை விரித்தால் போதும், ஏழு வருடப் பழி போய்விடும்.

"என்னய்யா இருந்துச்சு உள்ள?" என்றான் யோஸ்ட்.

பாரெண்ட் விரலை மடக்கினான். "ஈர மருந்துதான். என் தப்புதான்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்!" என்று யோஸ்ட் கூவினான்.

சேடாக் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார். பாரெண்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் பழைய குரல் வந்துவிட்டது. "வருஷா வருஷம் கோதுமை! அதுக்கு மேல நாலு கொழுத்த கோழி! இந்தத் தடவை தப்பாது! ஆனா ஞாபகம் இருக்கட்டும், முதல் வேட்டு என்னுது!"

தகரக் கொம்புகள் ஒலித்தன. கூட்டம் தலைவரைச் சுமந்துகொண்டு மலையேறியது. யோஸ்ட் மட்டும் பின்தங்கி, பாரெண்டின் காலடியில் துப்பினான்.

"திங்கக்கிழமை அது வெடிக்கலேன்னா நேரா இங்கதான் வருவேன்."

"வா," என்றான் பாரெண்ட்.

மரத்துண்டை உலையில் போட்டுவிட்டுப் பட்டறையை ஒழுங்குபடுத்தினான். எடுத்துவைக்க அதிகம் இல்லை. நாற்பது துப்பாக்கிகளுக்கும் காம்பு வழியே நெருப்பு போகத் துளை குடைந்த அந்தத் துளையூசி, அன்று சுவரிலிருந்து கீழே இறங்கவே இல்லை.