வியாசர்பாடி ரசிகர்கள்: 1

சீசன் தொடங்கும் முன்பே பதினெட்டு மேட்ச்சின் முடிவுகளையும் கணிப்பு இயந்திரம் வெளியிட்டுவிடும். ஒன்பது வருடமாக ஒரு கோல்கூடப் பிசகியதில்லை. இந்த வருடம் வியாசர்பாடி அணிக்கு ஒரே ஒரு வெற்றி, அதுவும் பதினோராவது மேட்ச்சில். அந்த ஒரு நாளுக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோயிற்று. மற்ற நாட்களை யாரும் சீந்தவில்லை.

தயாளன் மட்டும் வழக்கம்போல முதல் மேட்ச்சுக்குக் கிளம்பினான். கோல் கம்பத்தில் கட்ட ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நாலு கோல் வாங்கப் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் இன்னாத்துக்கு எலுமிச்சம்பழம்?" என்றாள் அவன் மனைவி குமுதா.

"நாலுல ஒண்ணாவது கம்பத்துல பட்டுத் திரும்பாதா?"

குமுதா போனில் கணிப்பைப் பார்த்தாள். கோல் கணக்குக்குக் கீழே, 'வியாசர்பாடி ரசிகர்கள்: 1' என்று இருந்தது.

"யோவ், நீ ஒண்டியா குந்தினு இருப்பேன்னுகூடப் போட்டுக்கீது."

"போன வருசமும் அப்டித்தான் போட்டுச்சு. அப்டியேதான் குந்தினு இருந்தேன்."

அவன் செருப்பை மாட்டி நிமிர்ந்தபோது, சேலைக்கு மேல் அவனுடைய பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

"உனக்குத்தான் ஃபுட்பாலே புடிக்காதே?"

"இப்பவும் புடிக்கலை. ஆனா ஒரு நம்பர் தப்பாச்சுன்னா, மீதி நம்பரும் தப்பாவலாம்ல?"

தயாளன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இரண்டாவது கம்பத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துவந்தான்.