கண்ணை மூடி ஒரு ஓட்டு

செவ்வாய் மாலை நாலு மணி. ஆசிரியர்கள் பதினேழு பேர். பிள்ளைகள் 'பிரஷ்' என்று கூப்பிடும் ஓவிய ஆசிரியர் கடைசி நாற்காலியில்.

மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு, ஒரு அயல்மொழி. இந்த ஐந்திலும் தேறினால் தனிச் சான்றிதழ். இந்தத் திட்டத்தைப் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அன்று ஓட்டு. சேர்த்தால் கால அட்டவணையில் ஓவியத்துக்கு இடமில்லை. பிரஷ்ஷுக்கு வேலையும் இல்லை.

தலைமையாசிரியை திட்டத்தை ஆதரித்து அரை மணி நேரம் பேசினார். பிரஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலிருந்த கணக்கு ஆசிரியர் அவர் தோளில் கை போட்டார். "அந்தம்மா கிடக்கட்டும் சார். நாங்க இருக்கோம்."

மதியம் முழுக்க ஒவ்வொருவராக வந்து இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பள்ளியில் ஓட்டெடுப்பு என்றால் எல்லோரும் மேசையில் தலை கவிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். எண்ணுவது தலைமையாசிரியை மட்டும். யாருக்கும் யார்மேலும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று அவர் வைத்த வழக்கம்.

கைகள் எழுந்தன, இறங்கின.

"ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்பது. திட்டம் இல்லை" என்றார் தலைமையாசிரியை.

ஒரே கைதட்டல். கணக்கு ஆசிரியர் தன் ஒரு ஓட்டுதான் காப்பாற்றியது என்றார். அறிவியல் ஆசிரியையும் அதையே சொன்னார். பிரஷ் எல்லோருக்கும் நன்றி சொன்னார். தலைமையாசிரியைக்குச் சரியான மூக்குடைப்பு என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

பிரஷ் மட்டும் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், நான் கண்ணை மூடல. விரல் இடுக்கு வழியா பார்த்துட்டேன்."

"தெரியும். உங்க ஒரு கண்ணை நானும் பார்த்தேன்."

"வேணாம்னு எழுந்தது ஒரே கை. அதுவும் என்னோடது."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திட்டம் வேணும்னு நின்னதே நீங்கதானே மேடம்?"

"இப்பவும் வேணும்னுதான் சொல்றேன். சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ்தான் காலேஜ் கதவைத் திறக்கும். ஆனா உங்க தோள்ல ஒரு கையை வச்சுக்கிட்டு இன்னொரு கையைத் தூக்கறவங்களை வச்சு அதை ஜெயிக்க எனக்குப் பிடிக்கல. உங்க முகத்துக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் ஒழுங்கா எண்ணுறேன்."

அடுத்த ஆண்டு ஜூன் பத்தாம் தேதி அதே திட்டம் மறுபடி ஓட்டுக்கு வந்தது. இந்த முறை யாரும் கண்ணை மூட வேண்டாம் என்றார் தலைமையாசிரியை.

ஆதரித்து ஒரு கைகூட எழவில்லை.