எப்போது பார்த்தாலும் பச்சை

"எல்லாமே பச்சை! எனக்கு என்னமோ இடிக்குது சார்," என்றபடி மேனேஜர் அறைக் கதவைச் சாத்தினார் மூத்த புரோகிராமர்.

போன், டேப்லெட், கம்ப்யூட்டர் மூன்றிலும் ஓடும் ஆப்களுக்கான அடித்தள மென்பொருளை எழுதும் குழு அவர்களுடையது. எல்லாரும் எழுதும் நிரலும் ஒரே பொதுக் கிடங்கில். யார் ஒரு வரியைத் தொட்டாலும் சோதனை தானாக ஓடும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

"டெஸ்டிங்குக்கு வந்த புதுப் பொண்ணு நம்ம காதுல பூ சுத்துறா. தானா ஓடுற சோதனையை நிறுத்தி வச்சிட்டு, சும்மா பச்சையைக் காட்டுறா."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு வாரமா தினமும் காலையில நானே ஒரு வரியைக் கெடுத்து வைக்கிறேன். சாயங்காலம் பார்த்தா பச்சை!"

மேனேஜர் அவரையே வெறித்தார். "வேணும்னேவா கெடுத்தீங்க?"

"ஆமா, கையும் களவுமா பிடிக்கத்தான்!"

"அந்தப் பொண்ணு போன வாரமே வந்து அழாத குறையா சொல்லிச்சு. 'பாவம் சார் அவரு, தினமும் தப்புத் தப்பா எழுதறாரு. சிவப்பு வந்ததுமே, யாரும் பார்க்கறதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன்'னு."

மூத்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மனசு கேக்காம மேலிடத்துல பேசி, உங்களுக்கு ஒரு மாசம் ஓய்வு வாங்கிட்டேன். வேணும்னேதான் கெடுத்தீங்கன்னு இப்போ போய்ச் சொன்னா, யாரு சார் நம்புவாங்க?"