கையோடு வந்த சாட்சி

“இது உங்க சம்சாரம் இல்ல” என்றாள், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் பெண் அதிகாரி.

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? கட்டின நாள்லேர்ந்து நான் திட்டு வாங்கறதே இவகிட்டதான்!”

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் இருந்தவளுக்குக் கழுத்து என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. கன்னங்கள் இரண்டும் படத்தை விட்டு வெளியே வரப் பார்த்தன. எதிரே நின்றவளோ, பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியவள்.

“இவங்க உங்க சம்சாரம். சரி.” அதிகாரி படத்தைத் தட்டினாள். “பக்கத்துல நிக்கறவங்க யாரு? அதுதான் என் கேள்வி.”

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மனைவி பாஸ்போர்ட்டில் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான் மனுஷன்! கால்கடுக்க நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

“ஒண்ணையே சமாளிக்க முடியல மேடம், இன்னொண்ணுக்கு எங்க போவேன்?” என்றார் கணவர்.

“நீங்க பேசாம இருங்க” என்று அவரை அடக்கிவிட்டு முன்னால் வந்தாள் பன்னக்கா. அவள் பேக்கரிக்குப் பன் வாங்க வருகிறவர்கள் வைத்த பெயர் அது. ஆள் இளைத்தும் பெயர் இளைக்கவில்லை. “படத்துல இருக்கறது நான்தான் மேடம். சுட்டதுல பாதிய நானே தின்னு அப்படி ஆனேன். அப்புறம் வாயைக் கட்டி, நடையா நடந்து இப்படி ஆயிட்டேன்.”

“விரலை வைங்க.”

வைத்தாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. சூட்டுத் தட்டு பிடித்துப் பிடித்தே ரேகை தேய்ந்துபோன விரல்கள். துடைத்துத் துடைத்து வைத்தாலும் அதே சிவப்புதான். வேறு அடையாள அட்டையை நீட்டினாள். அதிலும் அதே குண்டு முகம்.

“போன்ல வேற போட்டோ இருக்கா? கொஞ்சம் கொஞ்சமா இளைச்சது?”

கணவர் உதட்டைப் பிதுக்கினார். குண்டாக இருந்தவரை பன்னக்கா யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. இளைத்த பிறகு இன்னும் மோசம். குளியலறைக் கண்ணாடிக்கே துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

“பையில என்ன?”

“நாலு சட்டை மேடம். முன்பக்கம் பட்டன் வச்சது. தொளதொளன்னு இருக்கும்.”

“ஒரு நல்ல துணிகூட இல்லாம வெளிநாடா?” அதிகாரியின் சந்தேகம் இன்னும் வலுத்தது.

அந்த நேரம் பார்த்து விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. பன்னக்காவுக்கு அழுகை முட்டியது. கடையைப் பூட்டி, வாடிக்கையாளர்களிடம் கெஞ்சி விடைபெற்று, எத்தனை நாளாகக் காத்திருந்த பயணம் இது!

“இதோ பாருங்கம்மா” என்றாள் அதிகாரி, குரலைச் சற்றுத் தணித்து. “அவ்ளோ சதை கரைஞ்சிருந்தா உடம்புல ஒரு சுவடாவது இருக்குமில்ல? இருந்தா காட்டுங்க. இல்லேன்னா உங்கள அனுப்ப முடியாது.”

சுவடா! சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை மறைக்கத்தானே இந்த வேகாத வெயிலிலும் மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை? கட்டிய புருஷன் முன்னால்கூட அவள் அந்தக் கையை வெளிச்சத்தில் காட்டியதில்லை.

“காட்டும்மா” என்று அவர் காதருகே கெஞ்சினார். “நீ வெக்கப்பட்டுட்டு நின்னா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க.”

பன்னக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள். உள்ளே மடங்கிக் கிடந்த தோல் சரிந்து, காலியான மாவு மூட்டை போலத் தொங்கி ஆடியது.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பருத்த பெண்மணி மட்டும், “அடேயப்பா, இவ்ளோத்தையும் கரைச்சிருக்கீங்களா!” என்று வாயைப் பிளந்தாள்.

அதிகாரி “தொடலாமா?” என்று கேட்டு, ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி தோலைப் பார்த்தாள்.

“நீங்கதாம்மா. இதெல்லாம் கடையில வாங்கி ஒட்டிக்க முடியாது” என்று சிரித்தாள்.

பன்னக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை நாள் சனியன், தரித்திரம் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்த தோல், நாலு பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்டதே! சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றி ஓங்கினாள். “கடைசியா ஒண்ணு. என்ன விஷயமா போறீங்க?”

கணவர் வாயைத் திறப்பதற்குள் பன்னக்கா முந்திக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்கு மேடம்” என்று தொங்கிய தோலைத் தொட்டுக் காட்டினாள். “இதை வெட்டி எடுக்க.”

ஓங்கிய முத்திரை அந்தரத்தில் நின்றது.

“அப்போ திரும்பி வர்றப்ப எதைக் காட்டுவீங்க?”