வயிறு சொன்ன சாட்சி

அவசரப் பிரிவில் நர்ஸ் கொடுத்த மாத்திரையை விழுங்கியதும் கல்லூரி மாணவன் இளம்பரிதி போர்வையை இழுத்து வயிற்றின் மேல் அழுத்திக்கொண்டான். வயிற்றில் நஞ்சானது எதுவோ, அதை உள்ளிருந்தே உரக்கச் சொல்லிவிடும் மாத்திரை அது. அவன் கழுத்திலோ ஐயப்ப மாலை. பக்கத்தில், குருசாமியாக மலைக்கு அழைத்துப் போகும் அப்பா.

“கெட்டுப்போன சிக்கன் பிரியாணி,” என்று வயிறு முழங்கியது. “பஸ் ஸ்டாண்டு கடை. நேற்று மதியம்.”

வார்டே திரும்பிப் பார்த்தது.

“மாலையப் போட்டுக்கிட்டு பிரியாணியா சாமி?” என்று கொதித்த அப்பா, சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

நர்ஸ் இன்னொரு மாத்திரையோடு ஓடிவந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயு,” என்றவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

இளம்பரிதி படுத்தபடியே கைகூப்பினான். “வாயத் தொறங்க, குருசாமி.”