பி பக்கம்தான் உயர்ந்தது

உலகச் சங்கீத வரலாறு இந்தத் தமிழ்க் கேசட்டின் பி பக்கத்தோடு முடிந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் வெறும் சத்தம் என்று பரத் அறிவிக்கிறான். மூன்று மாதம் கீபோர்டு கற்றவன். ஆகையால் மேல்முறையீடு கிடையாது. 1991 டிசம்பர், மைசூரில் தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கும் காவிரிக் கலவரத்தின் மூன்றாம் நாள். விஜயநகரில் உதயகுமாரின் மாடி அறையில் நாங்கள் மூவர். சாத்திய ஜன்னலின் இடுக்கில் நுழைந்த வெயில் டேப் ரெக்கார்டரின் மேல் ஒரு கோடாக விழுகிறது. அதற்குள் கேசட்டின் பல்சக்கரம் மெல்லச் சுழல்கிறது. தெருவுக்குக் கேட்காமல் சத்தத்தைக் குறைத்திருப்பதால் பாட்டு கொசுவின் குரலில் கேட்கிறது. ஏ பக்கத்து வயலினுக்கு முன்னால் பி பக்கம் நிற்காது என்று உதயகுமார் மறுக்கிறான், கன்னடத்தில். பத்து வருஷமாக எங்களோடு தமிழில் சண்டை போட்டவன், மூன்று நாளாகத் தன் வீட்டுக்குள்ளேயே தமிழைத் தொடுவதில்லை.

"என்ன குரு, பாட்டு தமிழு, பேச்சு கன்னடமா? சுவத்துப் பல்லி போய்ப் போட்டுக் குடுத்துடும்னு பயமா?" என்று பரத் சிரிக்கிறான்.

கீழே அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள் என்கிறான் உதயகுமார், அதையும் கன்னடத்தில். தெருமுனையில் கோஷம் எழுகிறது. எங்கோ ஒரு கடையின் ஷட்டரில் கல் விழுகிறது. நான் டேப்பை நிறுத்துகிறேன். காலடிகள் நெருங்கி வந்து வாசலுக்கு நேரே நிற்கின்றன. யாரோ கேட்டின் கொண்டியை அசைத்துப் பார்க்கிறார்கள். கீழே தையல் மெஷின் ஓசை நின்றுபோகிறது. பரத் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். உதயகுமாரைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து, பி பக்கம்தான் உயர்ந்தது என்பதற்கான அடுத்த காரணத்தைச் சொல்லத் தொடங்குகிறான். சுத்தமான மைசூர்க் கன்னடத்தில், தெருவரை கேட்கும்படி.