கீழ் வரிசை

"மெதுவா எறக்குங்கம்மா. இன்னும் கீழ. ஆனா மூஞ்சி மறையக் கூடாது."

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அச்சுக்கடையில், கணினித் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார் பாஸ்டர் அழகுமுத்து. விளம்பரப் பெனர் வடிவமைக்கும் வினோதா, கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் போட்டோவை இழுத்துப் பெனரின் அடிவிளிம்பில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் அவர் சபையின் மாபெரும் எழுப்புதல் கூட்டம். தலைப்பு, 'தாழ்மையுள்ள, செவிகொடுக்கும் இருதயம்'.

"அடுத்து இந்த அம்மா போட்டோவ வைக்கக் கீழ் வரிசையில எடமில்லையே ஐயா. மேல் வரிசையில வைக்கட்டுங்களா?"

பாஸ்டர் பதறிப்போனார். "ஐயோ, கவுத்துறாதீங்க! போன வருஷம் 'ஜெயங்கொள்ளும் வீரர்'னு தலைப்பு. எல்லாருக்கும் மேல் வரிசை வேணும்னாங்க. கெடைக்காத ஒரு குடும்பம் கோவிச்சுக்கிட்டு வேற சபைக்குப் போயிருச்சு. இந்த வருஷம் தாழ்மை. எல்லாருக்கும் கீழ் வரிசைதான் வேணுமாம். இன்னும் ஒரு வீடு போச்சுன்னா, சபையப் பூட்டிட்டு நான் கொழுந்து பறிக்கத்தான் போகணும்."

வினோதா பெனரைப் பக்கவாட்டில் நீட்டினாள். பத்தடி இருபதடியானது. அதிலும் தாழ்மைக்கு இடம் போதவில்லை, முப்பதடியாக்கினாள். மேல் பாதி மொட்டையாகக் கிடந்தது.

"மேல என்னத்தப் போட?"

"வானத்தப் போடுங்க. ஒரு புறாவ விடுங்க. அதுக்குக் கோவம் வராது."

பாஸ்டரின் கைப்பேசி வழியாகத் தாழ்மை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சகோதரர் சாமுவேல் ஆண்டியப்பன், தன் பெயருக்கு முன்னால் 'அடியேன்' என்று தங்க எழுத்தில் போடச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"எவ்ளோ பெருசா போட?"

"பேர விடப் பெருசா. தாழ்மையச் சின்னதாக் காட்டிட்டோம்னு அப்புறம் சண்டைக்கு வருவாரு."

சகோதரி சண்முகவடிவு தலைகுனிந்து ஜெபிக்கும் போட்டோவை அனுப்பியிருந்தார். அதில் தன் முகம் தெரியவில்லை என்று, நிமிர்ந்து ஜெபிக்கும் போட்டோ ஒன்றையும் பின்னாலேயே அனுப்பினார். 'புழுதியிலும் புழுதி' என்ற பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். மூத்தவரைப் புழுதியாகவே விட்டுவிட்டு, இளையவரைத் 'தூசியிலும் தூசி' ஆக்கிச் சமாளித்தார் பாஸ்டர்.

"இம்புட்டுப் பேரும் பேசுவாங்களாய்யா?"

"பின்ன? செவிகொடுக்குறது எப்படின்னு ஒவ்வொருத்தரும் விளக்குவாங்க. நடுவுல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க."

அப்போது கதிரை, மேசை வாடகைக்கு விடுகிறவரின் அழைப்பு வந்தது. "ஆமா தம்பி, எல்லாக் கதிரையையும் மேடையிலயே போட்டுருங்க," என்றார் பாஸ்டர். "கீழயா? கீழ அப்புறம் பாத்துக்கலாம்."

வினோதா வேலையை முடித்துச் சேமித்தாள். ஆனால் அச்சுக்கு அனுப்பாமல், திரையில் கிடந்த தலைப்பையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் முருகன் கோயிலுக்குப் போறவ. உங்க கூட்டத்துக்கு வரலாங்களா?"

பாஸ்டர் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"எனக்கு யாரு புத்தி சொன்னாலும் சுருக்குன்னு கோவம் ஏறிடுதுங்க," என்றாள் வினோதா. "நேத்துக்கூட எங்க அக்கா நல்லதுக்குத்தான் சொன்னா, கத்தி விட்டுட்டேன். இந்தத் தலைப்ப அடிக்கையில, ஒரு நாளாச்சும் வாயப் பொத்திக்கிட்டு நாலு பேரு சொல்றதக் கேட்டா என்னன்னு தோணிச்சு. பேச எனக்கு ஒன்னும் தெரியாது. சனத்தோட சனமா, பின்னுக்கு ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

பாஸ்டர் எழுந்தே விட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓரமா எதுக்கும்மா? நட்ட நடுவுல உக்காருங்க. எங்க சபை பூரா மேடையில. கேக்க நீங்க ஒருத்தர்தான்!"